கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு அழைப்புகள். முதலாவது ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து. டீச்சருக்கும் ஓர் அம்மாவுக்கும் நடுவில் பத்து நிமிடம், சுமுகமாக முடிந்தது. இரண்டாவதை எழுதித் தீர்க்காமல் இன்று எனக்கு வேறு வேலை ஓடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பு அது. திரையில் ஒரு தச்சர், ஐம்பது வயதிருக்கும். காது கேளாதவர். வலது கையில் பெரிய கட்டு. மரம் அறுக்கும் இயந்திரம் இரண்டு விரல்களின் தசைநாரை வெட்டிவிட்டது. டாக்டர் பேசுவதை நான் சைகையில் சொல்ல வேண்டும், அவர் சைகையில் கேட்பதை டாக்டருக்குக் குரலில் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. ஆபீஸில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். போன மாதம் ஆபீஸைப் பூட்டி, ஆளுக்கொரு டேப்லெட்டைக் கையில் கொடுத்து, வீட்டிலிருந்தே பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் சொன்னார்: "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அந்த ரெண்டு விரலையும் எடுத்துடறது." சொன்னேன். "இன்னொண்ணு, ஆபரேஷன் பண்ணி தசைநாரைச் சேக்கறது. விரலைக் காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு." அதையும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். ஆனால் அங்கே போய்ச் சேரவில்லை. அவருடைய திரையில் நான் "விரலை எடுத்துவிடுவது" என்ற இடத்திலேயே அப்படியே உறைந்து நின்றிருக்கிறேன், கை அந்தரத்தில்.

படம் மறுபடி ஓடியபோது நாற்காலி காலி. நர்ஸ் மட்டும் நின்றிருந்தார். "எழுந்து போயிட்டாரு மேடம். பின்னாலேயே கூப்பிட்டேன், திரும்பவே இல்லை" என்றார். காது கேளாத மனிதரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் எப்படித் திரும்புவார்? நர்ஸ் மேல் எரிந்து விழப் பார்த்தேன். எந்த முகத்தோடு? பாதியில் விட்டவள் நான்.

தச்சருக்குக் கைதான் தொழில். பேச்சும் கைதான். ரெண்டையும் எடுத்துடப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டே அந்த மனுஷன் வீட்டுக்கு நடந்திருப்பார்.


மார்ச் 4, புதன்

மேற்பார்வையாளர் போன் செய்தார். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அதுதான் பயம்.

"இந்த ஒரு மாசத்துல ஒன்பது தடவை உங்க படம் நின்னிருக்கு. மத்தவங்களுக்கு ஒண்ணோ ரெண்டோதான்."

வீடு அப்படி, சிக்னல் மேலே வருவதில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் சரியாகாவிட்டால் என் சீட்டில் வேறு ஆள். தச்சரைப் பற்றிக் கேட்டேன். மறுபடி வரச் சொல்லி நர்ஸ் சீட்டு எழுதி, அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாராம். மூன்று வாரம் தாண்டினால் தசைநார் சுருங்கிவிடும், பிறகு அந்த இரண்டாவது வழியும் கிடையாது என்று டாக்டர் சொன்னாராம்.

உண்மையிலேயே எங்கள் கூடம் கோணல்தான். வீடு ரயில்பெட்டி போல நீளம். முன்னால் என் வீட்டுக்காரரின் கண்ணாடிக் கடை. இணைய லைன் வந்து இறங்குவதும் வைஃபை பெட்டி இருப்பதும் அங்கேதான். அதற்குப் பின்னால் கூடம், சமையலறை. கூடத்திலிருந்து படி ஏறி ஒரு திருப்பம் திரும்பினால் மேல் நடை. நடையின் கோடியில் என் அறை. தாழ்ப்பாள் உள்ள அறை அது ஒன்றுதான். நோயாளியின் சமாசாரம் யார் கண்ணிலும் படக்கூடாது என்பது வேலையின் முதல் விதி. கடையில் உட்கார்ந்து பேசினால் சுற்றியுள்ள கண்ணாடிகளில் ஒரு நோயாளி ஒன்பது நோயாளியாகத் தெரிவார்.

டேப்லெட்டில் கம்பி சொருகவும் துளை கிடையாது. ஆகவே காற்றில் வருவதுதான் கதி. அது கடையிலிருந்து என் அறைக்கு வருவதற்குள் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிடுகிறது.


மார்ச் 5, வியாழன்

இண்டர்நெட்காரர் வந்தார். கடையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனைப் பார்த்து, "சூப்பரா வருதே மேடம்" என்றார். மேலே வந்து பாருங்கள் என்றேன். படி ஏறுவதற்கே அலுத்துக்கொண்டார். மேலே வந்ததும் சுருதி மாறியது. "பிளானை மாத்திடுங்க. இதைவிட மூணு மடங்கு வேகம்."

இவர் உடனே தலையாட்டிவிட்டார். எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் மூழ்குகிறவளுக்குக் கயிறு எந்த நிறமாக இருந்தால் என்ன.


மார்ச் 6, வெள்ளி

கடையில் மூன்று மடங்கு வேகம். என் அறையில் அதே கட்டெறும்பு.


மார்ச் 7, சனி

இவர் ரிப்பீட்டர் ஒன்று வாங்கிவந்தார். சிக்னலைப் பிடித்து மறுபடி அனுப்புகிற சின்னப் பெட்டி. "இனிமே பாரு" என்று என் மேசைக்குப் பக்கத்திலேயே சொருகினார். டேப்லெட்டில் கோடுகள் நான்கும் நிறைந்து ஜொலித்தன. அவருக்கு மீசை துடிக்காத குறை. நானும் நம்பி, சனிக்கிழமை டியூட்டி பார்ப்பவளிடமிருந்து ஓர் அழைப்பை வாங்கிக்கொண்டேன். நான்காவது நிமிடம் உறைந்தேன்.

கோடு நான்கு இருந்தும் ஏன்?


மார்ச் 8, ஞாயிறு

ஏன் என்று கண்டுபிடித்துவிட்டேன். நானே.

போனில் ஒரு செயலி இருக்கிறது. நிற்கிற இடத்தில் சிக்னல் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். எல்லாம் மைனஸில். மைனஸ் நாற்பது என்றால் ராஜபோகம். மைனஸ் அறுபத்தைந்து வரை பிழைக்கலாம். எண்பது என்றால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று அர்த்தம். காலையிலிருந்து போனும் கையுமாக வீட்டை அளந்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஒட்டுத்தாளில் எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடை 38. கூடம் 59. சமையலறை வாசல் 66. படித் திருப்பம் 71. மேல் நடை 79. என் அறை 84.

ரிப்பீட்டரைக் கொண்டுபோய் 84 இருக்கிற இடத்தில் வைத்திருக்கிறார் மனுஷன். அது எதைத் திருப்பிச் சொல்லும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். நான்கு கோடும் என் மேசைக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள இரண்டடிக்கு மட்டும்.

என் தங்கை இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பிறவியிலேயே காது கேளாதவள். எங்களோடுதான் இருக்கிறாள். கடையில் கண்ணாடி விளிம்பு தீட்டும் வேலை முழுக்க அவளுடையது. எனக்குச் சைகை மொழி வந்தது எந்தப் படிப்பாலும் இல்லை, அவளோடு சண்டை போட்டே வந்தது. "வீட்டுக்கே விலைச்சீட்டு ஒட்டிட்டியே, விக்கப் போறியா?" என்றாள் கையால். மேல் படியில் நின்றபடியே, முதலில் உன்னைத்தான் விற்பேன் என்றேன்.

மேல் படிக்கும் சமையலறை வாசலுக்கும் நேர்ப் பார்வை கிடையாது. படித் திருப்பத்தில் இவர் ஆறடிக் கண்ணாடி ஒன்று பதித்திருக்கிறார். நானும் அவளும் பேசுவது அதன் வழியாகத்தான். நான் மேலே, அவள் கீழே, எங்கள் இரண்டு பேர் கையும் கண்ணாடியில் சந்திக்கும். எத்தனை சண்டை, எத்தனை வம்பு அதில் ஓடியிருக்கிறது.


மார்ச் 10, செவ்வாய்

மேற்பார்வையாளர். தச்சர் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஒப்புக்கொண்டாராம். ஆனால் திரை வேண்டாம், சீட்டும் வேண்டாம், நேரில் சைகை தெரிந்த ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நேரில் போகும் ஆள் வேறு ஊரில். வர ஒரு மாதமாகுமாம். டாக்டர் அத்தனை நாள் தாங்காது என்கிறார். கடைசியில் தச்சரே, ஒரே ஒரு தடவை திரையில் பேசிப் பார்க்கிறேன் என்று இறங்கிவந்திருக்கிறார். பதினேழாம் தேதி, காலை பதினொன்று.

"வேற யாரையாவது போடட்டுமா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

வாய் தானாகவே வேண்டாம் என்றது. நான்தான் பாதியில் விட்டேன், மீதியை நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். போனை வைத்தபின் நாட்காட்டியைப் பார்த்தேன். ஏழு நாள் இருக்கிறது. என்ன திமிர் எனக்கு?


மார்ச் 11, புதன்

ரிப்பீட்டருக்கு விடை கொடுத்தாகிவிட்டது. இன்று வாங்கியது ஆக்சஸ் பாயிண்ட். சாப்பாட்டுத் தட்டு போல வட்டமாக, வெள்ளையாக இருக்கிறது. இது சிக்னலைக் காற்றில் பிடித்து ஒப்பிக்கிற ஜாதி இல்லை. கடைப் பெட்டியிலிருந்து கம்பி இழுத்து இதற்குக் கொடுத்தால், கம்பி வழியே முழு வேகமும் வந்து, இங்கிருந்து புதிதாகப் பரவும். ஆகவே கம்பியை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறோம், எங்கே வைக்கிறோம் என்பதுதான் சங்கதி.

படித் திருப்பம் என்று முடிவு செய்தோம். வீட்டின் நட்டநடு, கீழும் மேலும் போக வழி. இவர் கடையிலிருந்து கம்பியைக் கூடத்து விளிம்போடு இழுத்து, ஒரு ஆணிகூடத் தெரியாமல் அழகாக அடித்தார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

சண்டை எங்கே வந்ததென்றால், பெட்டி கண்ணுக்குத் தெரியக்கூடாதாம். "நடு வீட்டுல வெள்ளைத் தட்டை மாட்டி வெச்சா நல்லாவா இருக்கு?" எங்கள் வீட்டில் அசிங்கமான எதுவும் கண்ணாடிக்குப் பின்னால்தான் போகும். கூடத்துச் சுவர் விரிசல் ஒரு கண்ணாடிக்குப் பின்னால். தண்ணீர் ஊறின கறை இன்னொன்றுக்குப் பின்னால். படித் திருப்பத்துக் கண்ணாடிக்கு இவர் கீல் போட்டுக் கதவு போலத் திறக்கும்படி செய்திருக்கிறார். அதற்குப் பின்னால் ஒரு மாடம். மாடத்தில் மின்சார மீட்டரும் மெயின் பெட்டியும். ஒரு பிளக்கும் உண்டு.

"அங்கேயே வெச்சுடலாம், கரண்டும் இருக்கு" என்றார். பிளக் பாயிண்ட் என்றதும் நானும் சரி என்றேன். வைத்தோம். பச்சை விளக்கு எரிந்தது. கண்ணாடியைச் சாத்தினோம்.


மார்ச் 12, வியாழன்

என் அறை 77. படி ஏறி நின்றால் கண்ணாடிக்கு ஆறடி தூரத்தில் 70. ஆறடி தூரத்தில்! பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தூரத்து ஊர்ச் சிக்னல் பிடிக்கிறேன்.

இவர் பெட்டி ஓட்டை என்கிறார். விற்ற கடைக்காரர் பெட்டி அருமை என்கிறார். இண்டர்நெட்காரர் போனில், சுவர் கனம் மேடம் என்கிறார். எனக்கு எல்லார் மேலும் கோபம். என்ன எழவுடா இது. மதியம் சாப்பிடவில்லை. தங்கை தட்டை மேலே கொண்டுவந்து வைத்து, "சாப்பிட்டுட்டு அழு" என்றாள். அழவில்லை என்றேன். "அப்ப சாப்பிட்டுட்டு திட்டு."

இன்னும் ஐந்து நாள்.


மார்ச் 13, வெள்ளி

இன்று ஒரு விசித்திரம். அழைப்புகளின் நடுவே அரைமணிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துவந்தேன். காலை முழுக்க 77, 78, 76. மூன்று மணிக்கு மேல் திடீரென்று 55. மூன்றரைக்கு 54. ஒரு பாஸ்போர்ட் ஆபீஸ் அழைப்பு வந்தது, கண்ணாடி போலத் தெளிவாக ஓடியது. நாலு மணிக்கு மறுபடி 77.

அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது? யார் என்ன செய்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினாரா? ஒன்றும் பிடிபடவில்லை.


மார்ச் 14, சனி

இந்தப் பக்கத்தைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். வேண்டுமென்றே.

காலையில் மேல் படியில் உட்கார்ந்து நேற்றைய எண்களைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தங்கை கீழே வாசலில் நின்று, கண்ணாடி வழியாக என்ன என்று கேட்டாள். மூன்று மணியிலிருந்து நாலு மணிக்குள் யார் என்ன செய்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கை மெதுவாக எழுந்தது.

"மாமா கண்ணாடி டொக்கு டொக்குன்னு சுவத்துல இடிக்குதுன்னு சொன்னாரு. ஓரத்துல பஞ்சுப் பட்டை ஒட்டினேன். பசை காயற வரைக்கும் திறந்தே வெச்சிருந்தேன்."

திறந்தே வைத்திருந்தாள்.

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கண்ணாடியைத் திறந்தேன். மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். 54. அவளைச் சாத்தச் சொன்னேன். 78. திற. 54. சாத்து. 78. பத்துத் தடவை செய்தோம். அவள் கீழே கதவு திறந்து மூடுகிறாள், நான் மேலே எண்ணை விரலில் காட்டிக் குதிக்கிறேன். இவர் கடையிலிருந்து ஓடிவந்து, பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்தாராம்.

கண்ணாடியின் முதுகில் பூசியிருப்பது உலோகம். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அதுதான். சிக்னலையும் அதுவே திருப்பிப் பின்சுவரில் அடித்திருக்கிறது. குடத்துக்குள் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, வீடு ஏன் இருட்டு என்று மூன்று நாளாக ஊரைத் திட்டிக்கொண்டிருந்தோம். பிளான் மாற்றச் சொன்னவருக்குத் தெரியவில்லை. சுவர் கனம் என்றவருக்கும் தெரியவில்லை. பஞ்சு ஒட்டினவளும் எண் குறித்தவளும் சேர்ந்து கண்டுபிடித்தோம்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா கண்ணாடி விக்கிறேன். அது வெளிச்சத்தை மட்டும்தான் திருப்பும்னு நெனச்சேன்" என்றார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பிறகு அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தார், கண்ணாடியைக் கழற்ற. என் வேலைக்காக. அவர் கையால் வெட்டி, அவர் கையால் ரசம் பூசிய கண்ணாடி அது. கடைக்கு வந்த மூன்று பேர் கேட்டும் கொடுக்காதது. தங்கை நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"கழட்டிட்டா நான் அக்காகிட்ட எப்படிப் பேசறது? ஒவ்வொரு வார்த்தைக்கும் படி ஏறணுமா?"

இவருக்கும் சைகை நன்றாகப் புரியும். ஸ்க்ரூ டிரைவரோடு என்னைப் பார்த்தார். கண்ணாடி இருக்கட்டும், பெட்டி நகரட்டும் என்றேன்.


மார்ச் 15, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. காலை எட்டுக்கு ஆரம்பித்தோம்.

கம்பி ஏற்கெனவே மாடம் வரை வந்திருக்கிறது. மாடத்தின் மேல்மூலையில் துளை போட்டால் கம்பியும் கரண்டு வயரும் மேல் நடையின் உத்தரத்துக்கு வந்துவிடும். கண்ணாடியில் துளை போடுகிற கை இவருக்கு. பொறுமையாக, அழுத்தாமல், தண்ணீர் விட்டு விட்டுப் போடுவார். சுவரையும் அப்படியே போட ஆரம்பித்தார். அரைமணி ஆகியும் பென்சில் முனை அளவுதான். தங்கை டிரில்லை வாங்கி, தோளைக் கொடுத்து, மூன்று நிமிடத்தில் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டாள். சத்தம் அவளுக்குத்தான் ஒன்றுமே இல்லையே. எங்கள் இரண்டு பேர் காதும் ரீங்கரித்தது.

பெட்டியை மேல் நடை உத்தரத்தில், என் அறைக் கதவுக்கு எட்டடி முன்னால், தட்டைக் கவிழ்த்தாற்போல மாட்டினோம். கீழே பார்த்தபடி இருக்க வேண்டும், அப்போதுதான் வட்டமாகப் பரவும் என்று குறிப்புத்தாளில் படம் போட்டிருந்தது. இவர் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். அசிங்கமாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விழுங்கினார்.

என் அறை: 46. பழைய 84 சீட்டைக் கிழித்துச் சுருட்டிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். தலைகால் புரியவில்லை.


மார்ச் 16, திங்கள்

காலையில் ஒரு அதிர்ச்சி. கீழே காப்பி குடித்துவிட்டு, எண் காட்டும் செயலியை டேப்லெட்டிலும் ஏற்றிக்கொண்டு மேலே வந்தேன். 83. பச்சை விளக்கு தலைக்கு மேல் எரிகிறது, எண் மட்டும் 83. நாளைக்குக் காலை தச்சர்.

உட்கார்ந்து ஆற அமர யோசித்தேன். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்திருக்கிறேன், நகர நகர டேப்லெட் தானாக மாறிக்கொள்ளட்டும் என்று. அது மாறவில்லை. கீழே பிடித்த கடைப் பெட்டியையே மேலே வந்தும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வீட்டில் இலை போட்டுக் காத்திருந்தாலும் முதலில் நுழைந்த வீட்டைவிட்டு எழாத விருந்தாளி போல.

விருந்தாளியை எழுப்ப என்ன வழி? அந்த வீட்டில் உபசாரத்தைக் குறைக்க வேண்டியதுதான். கடைப் பெட்டியின் சக்தியைக் குறைத்தால், படி ஏறும்போதே அதன் பிடி விட்டுப்போகும். இண்டர்நெட்காரரிடம் எங்கே குறைப்பது என்று கேட்டேன்.

"குறைக்கவா? எல்லாரும் கூட்டத்தான் மேடம் கேப்பாங்க."

"நான் குறைக்கத்தான் கேக்கறேன்."

முனகிக்கொண்டே சொன்னார். பாதியாகக் குறைத்தேன். டேப்லெட்டைக் கையில் பிடித்து ஏறினேன். படித் திருப்பத்தில், கண்ணாடிக்கு நேரே, 72 என்பது சட்டென்று 51 ஆனது. மாறிவிட்டது. இறங்கினேன், ஏறினேன். ஒவ்வொரு முறையும் அதே படியில் மாறியது. ஏழாவது படி.

மாலை தங்கையைப் போனோடு பூங்காவுக்கு அனுப்பினேன். ஒரு மணி பத்து நிமிடம் திரையில் பேசினோம். பெஞ்சில் தூங்கும் காவலாளியைப் போல நடித்துக் காட்டினாள், வாய் பிளந்தபடி, தொப்பி நழுவ. ஒரு விரல்கூட உறையவில்லை. கடைசியில் அவள்தான் கை வலிக்கிறது என்றாள்.


மார்ச் 17, செவ்வாய்

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் முகம் காட்டாமல் அழைப்பில் இருந்தார். இவர் கடையில் அரைக்கும் மிஷினை நிறுத்திவிட்டார், நான் சொல்லாமலே.

தச்சர் வந்து உட்கார்ந்தார். என்னையே பார்த்தார். பிறகு இடது கையை உயர்த்தி, ஒரு சைகையின் பாதியில் அப்படியே அந்தரத்தில் நிறுத்திப் பிடித்தார். போன தடவை அவர் திரையில் நான் நின்ற கோலம். என்னை அவர் அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார். காது கேளாதவர்கள் ஆளுக்கொரு சைகையைப் பெயராக வைப்பார்கள்; அதுதான் எனக்கு அவர் வைத்த பெயர்.

"நீதானே அது?"

"நான்தான். அன்னைக்கு நான் சொன்னதுல பாதி உங்களுக்கு வரலை. தப்பு என் பக்கம். மன்னிச்சுக்கோங்க. மீதியைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

டாக்டர் பக்கம் மோவாயைக் காட்டினார். டாக்டர் ஆரம்பித்தார். முதல் வழி. இரண்டாவது வழி. இந்த முறை இரண்டும் போய்ச் சேர்ந்தன. அவர் முகத்தில் அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன். புருவம் மெதுவாக மேலே ஏறியது. இத்தனை நாள் முடிந்துபோனது என்று நினைத்திருந்ததை ஒருவர் திருப்பிக் கையில் கொடுக்கிறார்.

ஆனாலும் நம்பவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பேச்சை நிறுத்தி, "விரலை ஆட்டு" என்பார். நான் பத்து விரலையும் ஆட்டிக் காட்டுவேன். நின்றுபோன படமா, உயிருள்ள ஆளா என்று சோதனை. டாக்டர் முதலில் குழம்பினார். விளக்கியதும் அவரும் காத்திருந்தார். எத்தனை நாள் கட்டு, உளி பிடிக்கலாமா, பேசலாமா, எந்த விரல் எவ்வளவு மடங்கும். தச்சர் ஒன்று விடாமல் கேட்டார். தேக்கில் முடிச்சு தேடுகிறவர் போல ஒவ்வொரு பதிலையும் புரட்டிப் பார்த்தார். நாற்பத்தெட்டு நிமிடம்.

கடைசியில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷனுக்குச் சம்மதம்.

அழைப்பு முடிந்ததும் கதவைத் திறந்தேன். மேல் படியில் நின்றேன். கண்ணாடியில் கீழே இரண்டு பேரும் தெரிந்தார்கள், தங்கையும் இவரும், சமையலறை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு. நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். எங்கள் மொழியில் கைதட்டல் அது. அவர்களும் தூக்கி ஆட்டினார்கள். கண்ணாடி நிறையக் கை.


மார்ச் 18, புதன்

மேற்பார்வையாளர்: "சீட்டு உங்களுதுதான்." அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு அதுவே சொற்பொழிவு.


மார்ச் 24, செவ்வாய்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மற்றவர்களுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு! பிளானுக்கும் கோடுகளுக்கும் மயங்காதீர்கள் என்று ஆரம்பித்தேன். போனோடு நடந்து எண்களை எழுதுங்கள், பெட்டியைச் சிக்னல் செத்த இடத்தில் வைக்காதீர்கள், நல்ல இடத்துக்கும் கெட்ட இடத்துக்கும் நடுவில் வையுங்கள், முடிந்தால் கம்பி இழுங்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடியைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி ஆகிவிட்டது. இவர் படித்துவிட்டு, "என் பேரை மட்டும் போடாதே" என்றார். பேர் எங்கே இருக்கிறது, "வீட்டில் ஒருவர்" என்றுதான் எழுதியிருக்கிறேன்.


ஏப்ரல் 9, வியாழன்

ஆபரேஷன், சம்மதம் சொன்ன மூன்றாம் நாளே முடிந்ததாம். அன்று அழைப்பில் இருந்தவள் வேறொருத்தி. எப்படி ஆனது என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை. கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்.

கடையில் இவர் புதுப் பழக்கம் பிடித்திருக்கிறார். பெரிய கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம், "மாட்டற சுவத்துல வைஃபை பெட்டி இருக்கா?" என்று முதல் கேள்வி. அவர்கள் விழிக்கிறார்கள். இவர் உட்காரவைத்து, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல, உலோகப் பூச்சு, திருப்பி அடித்தல் என்று பாடம் எடுக்கிறார். தங்கை அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறாள்.


மே 29, வெள்ளி

இரண்டரை மாதம். ஒரு அழைப்புகூட அறுபடவில்லை.

இன்று பத்தரைக்கு ஆஸ்பத்திரி அழைப்பு. எடுத்தேன். தச்சர். என்னைத்தான் கேட்டு வாங்கினாராம்.

கட்டு இல்லை. டாக்டர் மடக்கச் சொன்னார். இரண்டு விரல்களும் மெதுவாக, கூச்சப்பட்டுக்கொண்டு மடங்கின. முழுக்க இல்லை, முக்கால்வாசி. உளி பிடிக்கப் போதும் என்றார் தச்சர். சிரிக்கவில்லை, ஆனால் அந்த இரண்டு விரலையும் திரும்பத் திரும்ப மடக்கிக் காட்டினார், புதிதாக வாங்கியதைக் காட்டுகிறவர் போல. இன்னொரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். சொன்னேன்.

எழுவதற்கு முன் தச்சர் என்னைப் பார்த்து என் பெயரைச் சொன்னார். அதே பெயர்தான். அந்தரத்தில் பாதியில் நிற்கும் கை. இந்த முறை வலது கையால். நான் காத்திருந்தேன். கை அங்கேயே நிற்கவில்லை. மெதுவாக இறங்கி, மடங்கிய விரல்களோடு, நெஞ்சில் வந்து படிந்தது. பிறகு மறுபடி முதலிலிருந்து செய்தார், நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுபோல. இனி இதுதான் என் பெயர். காது கேளாதவர்கள் வைக்கிற பெயரைக் கேட்டு வாங்க முடியாது. அவர்களாகக் கொடுத்தால்தான் உண்டு.

மேல் படியில் வந்து நின்றேன். தங்கை கீழே வாசலில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவளுக்கு அதைச் செய்து காட்டினேன்.

"யாரு பேரு?"

"என் பேரு."

"யாரு வெச்சது?"

சொல்லக்கூடாது என்றேன். அவள் அதை ஒரு தடவை தன் கையால் செய்து பார்த்தாள். மேலே ஏறி, நின்று, இறங்கி நெஞ்சுக்கு வந்தது. "நல்லா இருக்கு, வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள்.